அத்தியாயம் 9: எழுதிய விடையைத் திரும்பப் படித்தல் (உலக வரலாறு)

மெயின்ஸ் தேர்வில் நீங்கள் எழுதிக் கொடுக்கும் விடைத்தாளை மறுபடி கண்ணால் பார்க்கப்போவதில்லை. யூபிஎஸ்சி மதிப்பெண்ணைச் சொல்லும்; எந்த விடைக்கு எவ்வளவு, எந்த வரியில் குறைந்தது என்று சொல்லாது. மறுமதிப்பீடும் கிடையாது. வெளியுறவுப் பணிக்குத் தனித் தேர்வு இல்லாததால் ஐ.எப்.எஸ். கனவு காண்பவருக்கும் இதே கதைதான். ஒரு தாள் 250 மதிப்பெண். எழுத்துத் தேர்வுக்கு மொத்தம் 1750, நேர்முகத்துக்கு 275. விரும்பிய பணி கிடைப்பதும் கைநழுவுவதும் சில மதிப்பெண் இடைவெளியில் முடிந்துபோகும்.

ஆகவே உங்கள் விடையைத் திருத்தும் வேலை தேர்வுக்கு முன்பே நடக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியவரும் நீங்கள்தான். டெஸ்ட் சீரிஸில் திருத்துபவர் ஓரத்தில் ‘நன்று’, ‘இன்னும் ஆழம் தேவை’ என்று எழுதித் தருவார். எந்த இடத்தில் ஆழம், எவ்வளவு ஆழம் என்று கேட்க அவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

உலக வரலாற்றில் இந்தத் திருத்தம் இரண்டு மடங்கு அவசியம். பொது அறிவு முதல் தாளின் பாடத்திட்டம் 18-ஆம் நூற்றாண்டு முதல் தொடங்குகிறது: தொழிற்புரட்சி, உலகப் போர்கள், எல்லைகள் மாற்றி வரையப்பட்ட கதை, காலனியமும் அதன் முடிவும், கம்யூனிசம், முதலாளித்துவம், சோஷலிசம். பரப்பு பெரிது, கேள்வியோ சில ஆண்டுகளில் ஒன்றிரண்டு, சில ஆண்டுகளில் ஒன்றுமில்லை. அதனால் பெரும்பாலோர் நோட்ஸை மேலோட்டமாகப் புரட்டிவிட்டுப் போகிறார்கள். கேள்வி வந்ததும் தெரிந்ததையெல்லாம் கொட்டுகிறார்கள். வரலாற்றை ஆப்ஷனலாக எடுத்தவர்களுக்கு இரண்டாம் தாளின் பாதி உலக வரலாறு. அங்கே கொட்டுவதற்கு இடமும் அதிகம், ஆபத்தும் அதிகம்.

இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது மூன்று வாசிப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு கேள்வி: என்ன கேட்டார்கள்? எப்போது நடந்தது? யார் செய்தார்?

தொடங்குவதற்கு முன்

எழுதிய கையோடு திருத்தாதீர்கள். சொல்ல நினைத்தது மனதில் சூடாக இருக்கும்போது, தாளில் இல்லாததும் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும். ஒரு நாள் விட்டு எடுங்கள்.

நோட்ஸை மூடி வையுங்கள். முதலிலேயே நோட்ஸோடு ஒப்பிட்டால் விட்டுப்போன தகவல்தான் கண்ணில் படும். உடனே அதைச் சேர்க்கத் தோன்றும். விடை கொழுக்கும், மதிப்பெண் ஏறாது. இருபது கேள்விகளுக்கு மூன்று மணி நேரம். பத்து மதிப்பெண் விடைக்கு ஏழு நிமிடம், பதினைந்துக்குப் பதினொன்று என்று பிரித்தால் சரியாக 180 நிமிடம் தீர்ந்துவிடும். 150 சொல்லிலும் 250 சொல்லிலும் ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் இன்னொன்றை எடுக்கத்தான் வேண்டும்.

ஒரு பென்சில், ஒரு சிவப்புப் பேனா போதும்.

முதல் வாசிப்பு: என்ன கேட்டார்கள்?

விடையைத் தொடாமல் கேள்வியை மட்டும் எடுத்து, அதில் எத்தனை கேள்வி இருக்கிறது என்று எண்ணுங்கள். 2015-இல் தொழிற்புரட்சி பற்றி வந்த கேள்வியில் மூன்று இருந்தன: ஏன் முதலில் இங்கிலாந்தில் நிகழ்ந்தது, அந்தக் காலத்தில் அங்கே மக்களின் வாழ்க்கை எப்படி இருந்தது, இன்றைய இந்தியாவோடு அது எப்படி ஒப்பிடத்தக்கது. நான் பார்த்த விடைகளில் பல, நிலக்கரி, இரும்பு, காலனிச் சந்தை என்று முதல் பகுதிக்கே பக்கத்தை முடித்துவிட்டு, மூன்றாவதை ஒரு வரியில் கைகழுவியிருந்தன. பென்சிலால் 1, 2, 3 என்று கேள்வியில் எண் போடுங்கள். பிறகு விடையின் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும், அது எந்த எண்ணுக்குப் பதில் சொல்கிறதோ அந்த எண்ணைப் போடுங்கள். எண் போட முடியாத வாக்கியம் அடிக்கப்பட வேண்டிய வாக்கியம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். விடையைத் தமிழில் எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவில் மனதுக்குள் ஒரு மொழிபெயர்ப்பு நடக்கிறது. அவசரத்தில் அங்கே உதிர்வது பெயர்ச்சொல் அல்ல. கேள்வியின் ஏவல் சொல்தான். இரண்டு உலகப் போர்களுக்கும் ஜெர்மனியை ‘டு வாட் எக்ஸ்டென்ட்’ பொறுப்பாக்கலாம் என்று 2015-இல் கேட்டார்கள். ‘எந்த அளவுக்கு’ என்பது மனதில் ‘எப்படி’ என்று பதிந்துவிட்டால், விடை ஜெர்மனியின் மீதான குற்றப்பத்திரிகை ஆகிவிடும். கேட்டது அளவு. முதல் போரில் ஆஸ்திரியா, ரஷ்யா உள்ளிட்ட பலர் பங்காளிகள். இரண்டாம் போரில் ஹிட்லரின் விரிவாக்கத் திட்டமே பெரும்பங்கு. இரண்டு போருக்கும் அளவு வேறு என்று சொல்லும் விடைதான் கேள்விக்கு விடை.

ஆகவே ஒரு பழக்கம். கேள்வியின் ஏவல் சொல்லை மட்டும் தமிழில் விடைத்தாளின் தலையில் சிறியதாக எழுதிக்கொள்ளுங்கள்: ‘எந்த அளவுக்கு’, ‘மதிப்பிடுக’, ‘ஆதாரம் காட்டுக’. மாதிரித் தேர்வில் எழுதிப் பழகினால் தேர்வறையில் மனதுக்குள்ளேயே எழுந்துவிடும்.

இரண்டாம் வாசிப்பு: எப்போது நடந்தது?

இரண்டு உலகப் போர்களுக்கு இடையே ஜனநாயக அரசமைப்பு சந்தித்த சவால் பற்றி 2021-இல் ஒரு கேள்வி வந்தது. அதற்கான பயிற்சி விடைகளில் அடிக்கடி வரும் ஒரு வாக்கியம்:

“1923-இன் பணவீக்கத்தால் வெறுத்துப்போன ஜெர்மானிய மக்கள் ஹிட்லரைப் பெரும்பான்மை வாக்குகளால் ஆட்சியில் அமர்த்தினர்.”

படிக்கும்போது தடையில்லாமல் ஓடுகிறது. இப்போது ஓரத்தில் ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். 1923: பணவீக்கம். 1928 தேர்தல்: நாஜிக் கட்சிக்கு 2.6 விழுக்காடு. 1930: 18.3. 1932 ஜூலை: 37.3. அதே ஆண்டு நவம்பர்: 33.1. 1933 ஜனவரி 30: குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் ஹிட்லரைப் பிரதமராக நியமிக்கிறார்.

வரிசையைப் பார்த்ததும் வாக்கியம் இரண்டு இடத்தில் உடைகிறது. பணவீக்கம்தான் காரணம் என்றால், ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கட்சி ஏன் 2.6 விழுக்காட்டில் கிடந்தது? வாக்கு ஏறியது 1929-க்குப் பின்; உலகப் பெருமந்தமும் வேலையின்மையும் வந்த பிறகு. அடுத்து, சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் அவர்களுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. நியமனத்துக்கு முந்தைய தேர்தலில் வாக்கு இறங்கவும் செய்தது. கதவைத் திறந்துவிட்டவர்கள், ஹிட்லரைத் தங்கள் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று நம்பிய பழமைவாத அரசியல்வாதிகள்.

தவற்றைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் அதற்குப் பின்னால் ஒரு நல்ல வாதம் ஒளிந்திருக்கும். 1922 அக்டோபரில் இத்தாலியில் முசோலினியைப் பிரதமராக அழைத்தவர் மன்னர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல். இரண்டு நாட்டிலும் அரசின் தலைமையில் இருந்தவர்களே சர்வாதிகாரிக்கு வழி விட்டார்கள். ‘ஜனநாயகம் வெளியிலிருந்து இடிக்கப்பட்டதோடு உள்ளிருந்தும் விட்டுக்கொடுக்கப்பட்டது’ என்ற கருத்து இப்போது உங்கள் கையில் இருக்கிறது. நோட்ஸில் இல்லாத இந்த வரி ஓரத்தில் எழுதிய ஆண்டுகளிலிருந்து வந்தது.

அமெரிக்கப் புரட்சி பற்றிய விடைகளிலும் இதேபோல் ஒரு கண்ணி உண்டு. ‘பிரிட்டன் வரியை உயர்த்தித் தேயிலை விலை ஏறியதால் 1773-இல் பாஸ்டனில் தேயிலையைக் கடலில் கொட்டினர்’ என்று எழுதுவார்கள். அந்த ஆண்டு வந்த தேயிலைச் சட்டம், கிழக்கிந்தியக் கம்பெனி தேயிலையை நேரடியாகக் குடியேற்றங்களில் விற்க வழிசெய்தது. அதனால் விலை குறைந்தது. பழைய வரி மட்டும் அப்படியே இருந்தது. தங்கள் பிரதிநிதி இல்லாத நாடாளுமன்றத்துக்கு வரி போடும் உரிமை உண்டா என்பதும், கம்பெனிக்குக் கிடைத்த தனிச் சலுகை உள்ளூர் வணிகர்களை அழித்துவிடும் என்பதுமே சண்டை. வணிகவாதக் கொள்கைக்கு எதிரான பொருளாதாரக் கலகமா அது என்று 2013-இல் கேட்டபோது, இந்த ஒரு திருத்தம் விடையின் முதுகெலும்பாகவே ஆகியிருக்கும்.

மூன்றாம் வாசிப்பு: யார் செய்தார்?

இது தமிழில் எழுதுபவர்களுக்கென்றே உள்ள வாசிப்பு. சிவப்புப் பேனாவை எடுத்து, விடையில் ‘பட்டது’, ‘பட்டன’ என்று முடியும் சொற்களையெல்லாம் வட்டமிடுங்கள். பாடநூல் தமிழில் செயப்பாட்டு வினை மலிந்து கிடக்கிறது. நமக்கும் அது தொற்றிக்கொள்கிறது. சட்டம் இயற்றப்பட்டது, நாடு பிரிக்கப்பட்டது, போர் அறிவிக்கப்பட்டது. வரலாற்று விடையில் இது வெறும் நடைக் குறை இல்லை. செய்தவர் யார் என்று தெரியாததை மறைக்கும் திரை அது.

‘1884-85 பெர்லின் மாநாட்டில் ஆப்பிரிக்கா பங்கு போடப்பட்டது.’ யார் போட்டார்? என்று கேட்டுப் பாருங்கள். பதில் தேடப் போனால், அந்த மாநாடு வரைபடத்தில் கோடு போட்டு நாடுகளைப் பிரித்துக் கொடுக்கவில்லை என்பது தெரியவரும். கடற்கரையில் உரிமை கோருபவர் உண்மையில் அங்கே ஆளுகை செலுத்த வேண்டும் என்பது போன்ற விதிகளை அது வகுத்தது. எல்லைக் கோடுகளில் பெரும்பாலானவை, அதற்குப் பின்னும் முன்னும் இரண்டிரண்டு வல்லரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பிறந்தவை. ஐரோப்பியப் போட்டியின் விபத்தாக ஆப்பிரிக்க நாடுகள் உருவானதைப் பகுப்பாய்வு செய்யச் சொன்ன 2013 கேள்விக்கு, ‘பட்டது’ என்ற ஒரு சொல்லை உடைத்தாலே பாதி விடை வந்துவிடுகிறது.

ஒரு விடையை முழுதாகத் திருத்துவோம்

1956 சூயஸ் நெருக்கடிக்கு இட்டுச் சென்ற நிகழ்வுகள் எவை, உலக வல்லரசு என்று பிரிட்டன் தன்னைப் பற்றி வைத்திருந்த எண்ணத்துக்கு அது எப்படி இறுதி அடியானது? 2014-இல் வந்த கேள்வி. என் வகுப்பில் பயிற்சிக்காகக் கொடுக்கும் மாதிரி விடையின் நடுப்பகுதி இது:

“சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டது. மத்தியதரைக் கடலையும் செங்கடலையும் இணைக்கும் இக்கால்வாய் உலக வணிகத்தின் உயிர்நாடியாகும். 1956-இல் கால்வாய் நாட்டுடைமையாக்கப்பட்டது. இதனால் எகிப்து தாக்கப்பட்டது. ஐ.நா. தலையிட்டதால் போர் நிறுத்தப்பட்டது. படைகள் திரும்பப் பெறப்பட்டன. இவ்வாறு பிரிட்டன் வல்லரசுத் தகுதியை இழந்தது.”

பெரிய தகவல் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இது தேறாது. ஏன் என்று பார்ப்போம்.

முதல் வாசிப்பில் முதல் இரண்டு வாக்கியங்களுக்கு எண் போட முடியவில்லை. கால்வாயின் பூகோளத்தை யாரும் கேட்கவில்லை. கடைசி வாக்கியத்துக்கு 2 என்று போடலாம். ஆனால் கேள்வி கேட்டது பிரிட்டனின் தகுதியை அல்ல, தன்னைப் பற்றிய அதன் எண்ணத்தை. இரண்டும் வேறு. பலம் முன்பே தேய்ந்திருந்தது: 1947-இல் இந்தியா போனது, 1948-இல் பாலஸ்தீனம். சூயஸ் தளத்தைக் காலி செய்யவே 1954-இல் ஒப்பந்தம் போட்டாயிற்று. எண்ணம் மட்டும் தேயாமல் இருந்தது.

இரண்டாம் வாசிப்பு. ஓரத்தில்: ஜூலை 19, அஸ்வான் அணைக்கான உதவியை அமெரிக்கா விலக்கிக்கொள்கிறது. ஜூலை 26, நாட்டுடைமை. அக்டோபர் 29, இஸ்ரேல் தாக்குதல். அக்டோபர் 30, பிரிட்டனும் பிரான்சும் இறுதி எச்சரிக்கை. நவம்பர் 5, அவர்களது படைகள் இறங்குகின்றன. நவம்பர் 6, போர்நிறுத்தம். ஜூலை 19 இல்லாமல் ஜூலை 26 வானத்திலிருந்து விழுந்ததுபோல் நிற்கிறது. படை இறங்கிய மறுநாளே போர் நிற்கிறது. ஏன்?

மூன்றாம் வாசிப்பு. நான்கு வரிசையான வாக்கியங்களில் ‘பட்டது’, ‘பட்டன’. நாட்டுடைமையாக்கிய எகிப்து அதிபர் நாசரின் பெயரே இல்லை. யார் தாக்கினார்? மூன்று நாடுகள், பிரான்சின் செவ்ர் நகரில் இரகசியமாகப் பேசிவைத்துக்கொண்டு. யார் நிறுத்தினார்? பாதுகாப்பு அவையில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ செய்தன. விவகாரம் பொதுப் பேரவைக்குப் போனது. அங்கே எழுந்த கண்டனத்தோடு, பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டபோது அமெரிக்கா கைகொடுக்க மறுத்ததும் லண்டனைப் பணியவைத்தது.

இனி திருத்திய வடிவம்:

“அஸ்வான் அணைக்கான உதவியை அமெரிக்கா 1956 ஜூலை 19-இல் விலக்கிக்கொண்டது, ஒரே வாரத்தில் நாசர் கால்வாய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கினார். பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலுடன் இரகசியமாகத் திட்டமிட்டன. அக்டோபர் 29-இல் இஸ்ரேல் தாக்கியதும், சண்டையை விலக்கிவிட வருபவர்கள்போல் இரண்டும் உள்ளே நுழைந்தன. பொதுப் பேரவை கண்டித்தது. பவுண்டு சரிந்தபோது அமெரிக்கா உதவ மறுத்தது. நவம்பர் 6-இல் பிரிட்டன் போரை நிறுத்தியது. பேரரசு சுருங்கினாலும் வாஷிங்டனைக் கேளாமல் போர் தொடுக்க முடியும் என்ற நம்பிக்கை அதுவரை பிரிட்டனுக்கு இருந்தது. அந்த நம்பிக்கையைத்தான் சூயஸ் உடைத்தது. பிரதமர் ஈடன் 1957 ஜனவரியில் பதவி விலகினார்.”

இன்னும் ஒரு படி போகலாம். ‘இறுதி அடி’ என்பதை அப்படியே ஏற்க வேண்டுமா? சூயஸுக்குக் கிழக்கே உள்ள தளங்களிலிருந்து வெளியேறுவதாக பிரிட்டன் அறிவித்தது 1968-இல்தான். இதை முடிவுரையில் ஒரு வரியாகச் சேர்த்தால், கேள்வியின் சொல்லையே எடைபோட்டவர் என்று தெரியும்.

ஐ.எப்.எஸ். விரும்புபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். 1956 ஆகஸ்டில் லண்டனில் நடந்த மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கிருஷ்ண மேனன் பேசினார். பின்னர் அமைந்த ஐ.நா. அவசரப் படையில் இந்திய வீரர்கள் இருந்தார்கள். 150 சொல் விடையில் இதற்கு இடமில்லை. நேர்முகத்தில் இருக்கிறது. திருத்தும்போது விடையிலிருந்து எடுத்த நல்ல தகவலைக் கிழித்துப் போடாமல் ‘நேர்முகம்’ என்று தனி நோட்டில் குறித்துவையுங்கள்.

நமக்குத் தெரிந்த இடத்தில் வழுக்குவது

தெரியாத தலைப்பைவிட நன்றாகத் தெரிந்த தலைப்பில்தான் விடை கெடும். மலாய் தீபகற்பத்தில் காலனிய ஆட்சி நீங்கும்போது எழுந்த பிரச்சினைகள் பற்றி 2017-இல் கேட்டார்கள். தமிழர்களுக்கு இது வீட்டுக் கதை மாதிரி. ரப்பர் தோட்டம், கங்காணி, கப்பல் பயணம் என்று பேனா தானாக ஓடும். உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். பாதி விடை முடிந்த பிறகும் கேள்வி தொடப்பட்டிருக்காது.

முதல் வாசிப்பை இங்கே கறாராகச் செய்யுங்கள். கேட்டது ஆட்சி நீங்கியபோது எழுந்த பிரச்சினை. பிரிட்டன் 1946-இல் கொண்டுவந்த மலாயா யூனியன், குடியுரிமையைச் சீனர்களுக்கும் இந்தியர்களுக்கும் தாராளமாக்கி, சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்தது, மலாய்க்காரர்கள் கொதித்தார்கள், அம்னோ கட்சி பிறந்தது, 1948-இல் யூனியனைக் கைவிட்டுக் கூட்டரசு அமைத்தார்கள். அதே ஆண்டு கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டமும் அவசரகால நிலையும் தொடங்கி, அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, வேலியிட்ட புதுக் கிராமங்களுக்கு மாற்றினார்கள். மூன்று இனத்தவரின் கட்சிகள் கூட்டணி வைத்து 1955 தேர்தலில் 52 இடங்களில் 51-ஐ வென்ற பிறகே 1957 ஆகஸ்ட் 31-இல் விடுதலை.

இந்தச் சட்டகத்துக்குள் தமிழருக்கு இடம் உண்டு. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். ‘அவசரகாலச் சட்டம் கம்யூனிஸ்ட் படையோடு தொழிற்சங்க இயக்கத்தையும் நசுக்கியது’ என்ற வாதத்துக்கு அது சான்றாக ஒரு வரியில் வந்தால் விடைக்குக் கூர்மை. தனிப் பத்தியாக நீண்டால் விலகல். கேள்வி தீபகற்பத்தைப் பற்றியது என்பதால் சபா, சரவாக் சேர்ந்த 1963-க்கும் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

தமிழ் வழியில் எழுதுபவர்கள் தனியாகப் பார்க்க வேண்டியவை

• கலைச்சொல்லை விடை முழுக்க ஒரே மாதிரி எழுதியிருக்கிறீர்களா? ஒரு பத்தியில் ‘காலனிய நீக்கம்’, அடுத்ததில் ‘குடியேற்ற ஒழிப்பு’ என்றால் திருத்துபவர் இரண்டு விஷயம் என்று நினைப்பார். கலைச்சொல்லுக்கு அடைப்புக்குறிக்குள் ஆங்கில வடிவத்தைத் தர யூபிஎஸ்சி விதி இடம் கொடுக்கிறது. முதல் முறை மட்டும் தாருங்கள். வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலம் சேர்க்க அந்த விதி அனுமதிக்கவில்லை.

• பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டில் எழுதுங்கள். நாசர், நாஸர், நாசெர் என்று ஒரே விடையில் மூன்று பேர் உலவக்கூடாது.

• அடைமொழிகளை எண்ணுங்கள். ‘கொடுங்கோல்’, ‘வெறிபிடித்த’, ‘மாபெரும்’ போன்றவை மேடையில் கைதட்டல் வாங்கும். வெளியுறவுப் பணிக்குப் போக விரும்புபவர், ஒரு நாட்டைத் திட்டாமலேயே அதன் தவற்றைச் சொல்லத் தெரிந்தவர் என்று விடையில் காட்ட வேண்டும்.

• ‘இவ்வாறு’, ‘ஆகவே’, ‘இதனால்’ மூன்றையும் அடிக்கோடிடுங்கள். முன்வாக்கியம் உண்மையிலேயே பின்வாக்கியத்துக்குக் காரணமா? சூயஸ் விடையில் ‘இவ்வாறு’ என்ற ஒரு சொல், எழுதாமல் விட்ட ஒரு பத்தியின் பாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது.

தவறு நோட்டு

திருத்திய ஒவ்வொரு விடைக்கும் ஒரு வரி எழுதிவையுங்கள்: தேதி, தலைப்பு, எந்த வாசிப்பில் விழுந்தீர்கள். பத்து விடை சேர்ந்ததும் புரட்டிப் பாருங்கள். சிலருக்குத் தகவல் குறையே இருக்காது. பத்தில் ஏழு முறை கேள்வியின் இரண்டாம் பகுதியை விட்டிருப்பார்கள். அவர்களுக்குத் தேவை இன்னொரு புத்தகம் அல்ல. கேள்வியில் எண் போடும் பென்சில். உடன் படிக்கும் நண்பரிடம் விடையைக் கொடுக்கும்போது கேள்வியைச் சொல்லாதீர்கள். விடையை மட்டும் படித்து, கேள்வி என்னவாக இருந்திருக்கும் என்று அவர் எழுதட்டும். அவர் எழுதிய கேள்விக்கும் உண்மையான கேள்விக்கும் உள்ள தூரம்தான் நீங்கள் இழந்த மதிப்பெண்.

பயிற்சி

1. நீங்கள் கடைசியாக எழுதிய உலக வரலாற்று விடை ஒன்றை எடுத்து, ‘பட்டது’, ‘பட்டன’ எல்லாவற்றையும் வட்டமிட்டு, ஒவ்வொன்றுக்கும் செய்தவரை எழுதுங்கள். எழுத முடியாதவைதான் இந்த வாரம் நீங்கள் படிக்க வேண்டியவை.

2. அமெரிக்க, பிரெஞ்சுப் புரட்சிகள் நவீன உலகுக்கு எப்படி அடித்தளமிட்டன என்ற 2019 கேள்விக்குப் பதினொரு நிமிடத்தில் விடை எழுதுங்கள். நாளை மூன்று வாசிப்பும் செய்யுங்கள். ஒரு வாரம் கழித்து, பழைய விடையைப் பார்க்காமல் மறுபடி எழுதி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

3. அந்த இரண்டாவது விடையிலிருந்து இருபது சொற்களை எடுத்துவிடுங்கள். பொருள் குறையாமல் எடுக்க முடிந்தால், அந்த இருபது சொல்லின் நேரத்தை அடுத்த கேள்விக்குக் கொடுங்கள்.